தேசவழமையும் சீதனமும்: மனித நடத்தையிற் பண்பாடும் சமூகமும்

ஒருவன் ஒரு செயலைச் செய்தவிடத்து, அதனை ஏன் செய்தான் என்று வினவின், பெரும்பாலும் இரு விடைகளுள் ஒன்று கிடைக்கும். "எங்கள் வழக்கம் அது" என்பது ஒரு விடை. "செய்யாவிட்டால் ஊர் என்ன சொல்லும்?" என்பது மற்றைய விடை. முதலாவது பண்பாட்டைச் சுட்டுகின்றது. இரண்டாவது சமூகத்தைச் சுட்டுகின்றது. அன்றாட வாழ்விற் சீதனம் பேசுவோர் இவ்விரு விடைகளையும் ஒருங்கே கூறுவர். வழக்கம் என்று கூறித் தம் செயலை நியாயப்படுத்துவர். ஊர்வாய் என்று கூறித் தம் இயலாமையைப் புலப்படுத்துவர். மனித நடத்தையிற் பண்பாட்டின் பங்கு யாது, சமூகத்தின் பங்கு யாது என்னும் வினாவைப் பொதுப்பட ஆராய்வதிலும், யாழ்ப்பாணத்துச் சீதனத்தையும் அதனை வரையறுத்த தேசவழமையையும் சான்றாகக் கொண்டு ஆராய்வது பயனுடைத்து.

இரு கொள்கைகள்

பண்பாடு என்னும் சொல் பண்படுதல் என்னும் கருத்தை அடியாகக் கொண்டது. உழுது எருவிட்டுப் பயிருக்கு ஏற்றதாக்கப்பட்ட நிலத்தைப் பண்பட்ட நிலம் என்பர். நிலம் தானாகப் பண்படுவதில்லை, பண்படுத்துவோர் வேண்டும். மானிடவியலின் முன்னோடிகளுள் ஒருவரான எட்வேட் ரைலர் 1871ஆம் ஆண்டிற் பண்பாட்டுக்கு இலக்கணம் வகுத்தபொழுது, அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் முதலியவற்றை ஒரு தொகுதியாகக் கூறி, இவையெல்லாம் மனிதன் சமூகத்தின் உறுப்பினன் என்ற முறையில் ஈட்டிக்கொண்டவை என்றார். ஆகவே பண்பாட்டின் இலக்கணத்துள்ளேயே சமூகம் அடங்கிவிடுகின்றது. ஆயினும் பின்வந்தோர் சிலர் இவற்றுள் ஒன்றையே முதன்மைப்படுத்தினர்.

அமெரிக்க அறிஞரான உறூத் பெனடிக்ற் 1934ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் ஒவ்வொரு பண்பாடும் தனக்கெனத் தனிக்கோலம் உடையதென்றும், அக்கோலத்துக்கு ஏற்பவே அதனுட் பிறந்தோரின் மனமும் நடத்தையும் உருவாகின்றன என்றும் வாதித்தார். சூனி மக்கள் அடக்கத்தைப் போற்றுவதையும், கனடாவின் மேற்குக் கரையில் வாழும் குவாக்கியூற்றல் மக்கள் விருந்திலும் கொடையிலும் ஒருவரையொருவர் விஞ்ச முயல்வதையும் அவர் எடுத்துக்காட்டினார். பொருள்களை அள்ளிக்கொடுத்தும் சில வேளைகளில் அழித்தும் எதிரியை நாணச் செய்யும் அம்மக்களின் கொடைவிழா, அவர்தம் பண்பாட்டின் உயிர்நிலையாக அவருக்குத் தோன்றியது.

இக்கூற்றிலுள்ள குறையை எலன் கோடியர் என்பார் 1950ஆம் ஆண்டு வெளிவந்த தம் ஆய்விற் புலப்படுத்தினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியருடன் வளர்ந்த வணிகம் அம்மக்களிடையே கம்பளம் முதலிய பண்டங்களைப் பெருகச் செய்தது. அதே காலத்திற் கொடிய நோய்களால் அவர்களின் தொகை குறைந்தது. முன்னர்ப் போரிலே காட்டப்பட்ட பகைமை பின்னர்ப் பொருளிலே காட்டப்பட்டது. வழக்கம் பழையது, ஆனால் அதன் வெறி புதியது. பண்பாட்டின் மாறா இயல்பென்று கருதப்பட்டது ஒரு குறித்த காலத்துச் சமூக நிலையின் விளைவாக இருந்தது.

மறுபுறத்தில், பிரான்சிய அறிஞரான எமில் துர்க்கைம் 1895ஆம் ஆண்டிற் சமூகவியலின் முறைகளை வகுத்தபோது, சமூக நிகழ்வுகள் தனிமனிதனுக்குப் புறத்தே நின்று அவனைக் கட்டுப்படுத்துவன என்றார். இது பெரிதும் உண்மை. ஆனால் கட்டுப்பாடு உண்டெனக் கூறுவது வேறு. மனிதர் அதற்கு எப்போதும் எளிதிற் பணிவர் எனக் கொள்வது வேறு. திரோப்ரியண்ட் தீவுகளில் 1915ஆம் ஆண்டு முதல் 1918ஆம் ஆண்டு வரையிலான காலத்தில் ஆய்வு நடத்திய மலினோவ்ஸ்கி, 1926ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இரண்டாவது கருத்தை மறுத்தார். அத்தீவுகளில் ஆண்மகனின் உரிமைகள் அவன் சகோதரியின் மகனையே சாரும். வழமை அவ்வாறிருக்கவும், தந்தையர் தம் சொந்தப் புதல்வருக்குத் தம்மால் இயன்றவற்றையெல்லாம் வாழ்நாளிலேயே கொடுத்துவிட முயன்றனர். மருமகனின் உரிமையும் மகன்மேல் வைத்த அன்பும் ஒரே வீட்டில் மோதின. வழமையை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அதனை வளைக்க வழிகளைத் தேடினர்.

இவ்விரு மறுப்புக்களையும் ஒருங்கு வைத்து நோக்கின், பண்பாடு நடத்தைக்கு அச்சும் அன்று, சமூகம் நடத்தைக்கு விலங்கும் அன்று என்பது பெறப்படும். இக்கருத்து யாழ்ப்பாணத்திற்கு எந்த அளவிற் பொருந்தும் என்பதை இனி நோக்கலாம்.

எழுதப்பட்ட வழமை

யாழ்ப்பாண அரசு 1619ஆம் ஆண்டிற் போர்த்துக்கீசர் கைப்பட்டது. 1658ஆம் ஆண்டில் அது ஒல்லாந்தர் ஆட்சிக்குள் வந்தது. நீதிமன்றங்களில் எழுந்த வழக்குகளைத் தீர்த்தற்கு நாட்டு வழமைகளை எழுத்தில் அமைக்க வேண்டுமென ஒல்லாந்தர் கருதினர். நீண்ட காலம் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த திசாவையான கிளாஸ் ஐசாக்ஸ் அப்பணியை ஏற்று, 1707ஆம் ஆண்டில் அதனை முடித்தார். ஒல்லாந்த மொழியில் எழுதப்பட்ட அத்தொகுப்புத் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவர்கள் ஒப்பியபின் அது நடைமுறைக்கு வந்தது. பின்னர் ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு அளித்தனர்.

தேசவழமையைத் தமிழரின் தொன்மையான பண்பாட்டுக் கருவூலம் எனக் கூறுவோர் இவ்வரலாற்றில் இரு செய்திகளைக் கருதல் வேண்டும். முதலாவது, அதனைத் தொகுத்தவர் அயலவர். தொகுக்கச் செய்த தேவை ஆட்சியாளரின் தேவை. இரண்டாவது, அதனைச் சரிபார்த்தோர் ஊரில் அதிகாரமும் நிலமும் உடைய ஆடவர். சீதனத்தாற் பெரிதும் பாதிக்கப்படும் பெண்களிடமோ, நிலத்தில் உழைத்த மக்களிடமோ எவரும் கருத்துக் கேட்டிலர். ஒரு சமூகத்தின் வழமை என எழுதப்பட்டது, அச்சமூகத்தில் உயர்ந்தோர் ஒப்பிய வழமையே. இதனாற் தொகுப்புப் பொய்யாகிவிடாது. ஆயின் அது முழுச் சமூகத்தின் குரல் எனக் கொள்ளத்தக்கதும் அன்று.

எழுத்து வேறொரு மாற்றத்தையும் செய்தது. வாய்மொழியாக இருந்த காலத்தில் வழமை ஊருக்கு ஊர் சிறிது வேறுபட்டும், காலத்துக்குக் காலம் நெகிழ்ந்தும் நடந்திருத்தல் கூடும். எழுதப்பட்டபின் அது நீதிபதியின் கையிலுள்ள விதியாயிற்று. ஓடிய நீர் குளத்திற் கட்டப்பட்டது போன்ற நிலை அது.

தேசவழமையே கூறும் மாற்றம்

தேசவழமை சொத்தை அது வந்த வழியால் வகுக்கின்றது. கணவன் கொண்டுவரும் பரம்பரைச் சொத்து முதுசம். மனைவி கொண்டுவருவது சீதனம். இருவரும் இல்வாழ்க்கையில் ஈட்டுவது தேடிய தேட்டம். பண்டை முறைப்படி, கணவனின் முதுசம் ஆண்மக்களையும், மனைவியின் சீதனம் பெண்மக்களையும் சேர வேண்டும். தேடிய தேட்டம் இரு பாலாருக்கும் பகிரப்பட வேண்டும். தாயின் நிலம் மகளுக்கும் அவள் வழியே பேத்திக்கும் செல்லும் இம்முறையைச் சேரநாட்டு மருமக்கட்டாய முறையோடு தொடர்புபடுத்தி ஆராய்ந்த சட்ட அறிஞரும் உளர்.

வழமையின் பழமையைப் போற்றுவோர் கவனியாத செய்தி ஒன்று அந்நூலின் தொடக்கப் பகுதியிலேயே இருக்கின்றது. இப்பண்டைய பாகுபாடு பல ஆட்சி மாற்றங்களால், சிறப்பாகப் போர்த்துக்கீசர் காலத்தில், படிப்படியாக மாறியது என்று முதிய முதலிமாரின் வாய்மொழியை ஆதாரமாகக் கொண்டு அது கூறுகின்றது. 1707ஆம் ஆண்டளவில், மகளை மணஞ்செய்து கொடுக்கும் பெற்றோர் கணவனின் முதுசத்திலிருந்தோ, மனைவியின் சீதனத்திலிருந்தோ, தேடிய தேட்டத்திலிருந்தோ வேறுபாடின்றிச் சீதனம் கொடுத்தனர். வழமையைப் பதிவு செய்யும் நூல் அவ்வழமை மாறிய கதையையும் உடன் பதிவு செய்கின்றது. மாறாத மரபு என எடுத்துக்காட்டப்படும் ஏடு மாற்றத்துக்கே முதற்சான்றாக நிற்கின்றது.

இம்மாற்றத்தின் தன்மையும் நோக்கற்பாலது. சீதனம் என்னும் பெயர் மாறவில்லை. அது பெண்ணுக்குரியது என்னும் கருத்தும் மாறவில்லை. மாறியது அதன் ஊற்று. முன்னர்த் தாயின் சொத்தே மகளுக்குச் சென்றது. பின்னர் ஆண்மக்களுக்கு உரிய முதுசமும் அதனுட் புகுந்தது. மகளுக்குத் தக்க வரன் வேண்டும் என்னும் பெற்றோரின் விருப்பம், மலினோவ்ஸ்கி கண்ட தந்தையரின் அன்பைப் போல, பழைய வேலியைக் கடந்தது. சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் எஞ்சிய சொத்திற் பங்கு கேட்டல் கூடாதென்பதும், மணமாகாத ஆண்மக்கள் தம் உழைப்பைக் குடும்பத்தின் பொதுச்சொத்தில் இட வேண்டும் என்பதும் அந்நூலிற் காணப்படும் விதிகள். சகோதரிக்காகச் சகோதரன் உழைத்துத் தன் திருமணத்தைத் தள்ளிவைக்கும் யாழ்ப்பாண நடத்தைக்கு இவ்விதிகளிற் பழைய வேர் உண்டு.

பெயர் நிற்கப் பொருள் மாறிய வகை

இதுவரை கூறியவற்றாற் சீதனத்தைத் தீமை என்று மட்டும் கொள்வது பிழையாகும். அதன் பழைய பொருள் பெண்ணின் உடைமை என்பதே. இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரிற் சொத்துடையவளாதற்கு 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒன்றேமுக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே யாழ்ப்பாணத்துப் பெண்ணின் சீதனக் காணி தனிவகைச் சொத்தாக ஏட்டில் எழுதப்பட்டிருந்தது. மணமகன் மனைவியின் சீதன வீட்டில் அல்லது அதன் அயலிற் குடியிருத்தலும், தாய், மகள், சகோதரி ஆகியோர் அருகருகே வாழ்தலும் அதனால் எழுந்த நன்மைகள். தன் காணியில் தன் உறவினர் நடுவே வாழும் பெண்ணுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. மகளுக்குக் கொடுக்கும் சீதனம் பெற்றோர் வாழ்நாளிலேயே அவளுக்கு அளிக்கும் வழியுரிமைப் பங்கு என்ற கருத்தை யக் குடியும் எஸ். ஜே. தம்பையாவும் 1973ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தனர்.

ஆயின் உடைமை பெண்ணின் பெயரில் இருக்க, அதிகாரம் எவர் கையில் இருந்தது? யாழ்ப்பாண மக்களின் திருமண உரிமையும் வழியுரிமையும் பற்றிய 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது. சம்மதம் நியாயமின்றி மறுக்கப்பட்டால் அவள் நீதிமன்றத்தை நாடலாம். உறுதி அவள் பெயரில். கையொப்பம் அவன் கையில். பண்பாடு கொடுத்ததைச் சமூக அமைப்பு பாதி திரும்பப் பெற்றுக்கொண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிறிதொரு மாற்றம் நிகழ்ந்தது. மிசனரிமார் பாடசாலைகளை நிறுவினர்; பின்னர்ச் சைவர்களும் தமக்கெனக் கல்லூரிகளை அமைத்தனர். ஆங்கிலம் கற்ற இளைஞர் கொழும்பிலும் மலாயாவிலும் அரசாங்க உத்தியோகம் பெற்றனர். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்ற பழமொழி அக்காலத்து மனநிலையைக் காட்டும். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உடைய மணமகன் காணியுடைய மணமகனிலும் மேலானவனாக மதிக்கப்பட்டான். அத்தகையோர் சிலர், அவர்களை நாடிய பெற்றோர் பலர். ஆகவே சீதனம் மணமகனின் உத்தியோகத்தைப் பொறுத்து உயர்ந்தது.

அதனோடு மணமகனின் பெற்றோர் கையிற் கொடுக்கப்படும் காசும் சேர்ந்தது. 'டொனேசன்' என்னும் ஆங்கிலப் பெயராலேயே அது யாழ்ப்பாணத்தில் வழங்கப்பட்டது. தேசவழமை கூறும் சீதனம் மகளுக்கு உரியது. இக்காசோ அவளுக்கு உரியதன்று. மணமகனின் சகோதரிக்குச் சீதனமாக அது மீண்டும் வெளியே செல்வதும் உண்டு. ஒரு வீட்டின் சுமை அடுத்த வீட்டுக்குப் பெயர்கின்றது. ஆயினும் இவை யாவும் 'எங்கள் வழக்கம்' என்னும் ஒரே சொல்லால் மூடப்படுகின்றன. வணிகத்தால் வந்த கம்பளங்கள் குவாக்கியூற்றல் மக்களின் கொடையைப் போட்டியாக்கியது போல, உத்தியோகத்தால் வந்த சம்பளம் யாழ்ப்பாணத்துச் சீதனத்தைப் பேரமாக்கியது. 1983ஆம் ஆண்டின் பின்னர்ப் பெருந்தொகையானோர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் புலம்பெயர்ந்தனர். அங்கு வாழும் மணமக்களுக்கு ஊர்க்காணியாற் பயன் குறைவு. காசும் நகையும் முன்னுக்கு வந்தன. மகள் தாயின் அயலில் வாழும் பாதுகாப்பும் அதனோடு அகன்றது.

சட்டமும் நடத்தையும்

சமூகத்தின் கையிலுள்ள வலிய கருவி சட்டம். அதனால் மட்டும் நடத்தையை மாற்ற முடியுமா என்பது அடுத்த வினா. இதற்கும் தேசவழமையே சான்று தருகின்றது. அந்நூலில் அடிமைகள் பற்றிய பகுதி ஒன்று உண்டு. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்போர் எசமானருக்குச் செய்யவேண்டிய ஊழியம் அதிற் கூறப்படுகின்றது. இலங்கையில் அடிமைமுறை 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது, அப்பகுதி செல்லாதாயிற்று. அதனாற் தமிழர் பண்பாடு அழிந்துவிட்டது என்று இன்று எவரும் கூறார். ஒரு பகுதி உதிர்ந்தும் பண்பாடு நிலைத்தது. சீதனக் கொடுமை உதிர்ந்தாற் பண்பாடு கெடும் என அஞ்சுவோர்க்கு இதுவே தக்க மறுமொழி.

ஆனால் ஏட்டிலிருந்து நீங்கியது நடத்தையிலிருந்து நீங்க நெடுங்காலம் சென்றது. காணியும் கிணறும் சிலர் கையில் இருக்க, உழைப்போர் அவர்களையே சார்ந்து வாழ்ந்தனர். அச்சார்பு நீடித்தவரை ஒதுக்கலும் நீடித்தது. பொதுவிடங்களிற் சாதி காரணமாகத் தடைசெய்வதைக் குற்றமாக்கும் 21ஆம் இலக்கச் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அதன் பின்னரும் 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடத்தவேண்டியிருந்தது. அடிமைமுறை ஒழிந்து அப்பொழுது 124 ஆண்டுகள் கடந்திருந்தன. அயல்நாடான இந்தியாவில் வரதட்சிணை 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கப்பட்டது; ஆயினும் அவ்வழக்கம் அங்கு ஒழியவில்லை. கொடுப்போனும் கொள்வோனும் இரகசியமாக உடன்படுமிடத்துச் சட்டத்துக்குச் சாட்சி இல்லை.

இதனாற் சட்டம் வீண் என்பது பொருளன்று. 1957ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தமையாலேயே கோயில் வாயிலில் நின்றோர் தம் கோரிக்கையை உரிமை என்று கூற முடிந்தது. சட்டம் ஒரு புதிய நியாயத்தை மக்கள் வாயில் வைக்கின்றது. அந்நியாயம் நடத்தையாவதற்கு, பழைய நடத்தையைத் தாங்கிநிற்கும் வாழ்க்கை நிலை மாறவேண்டும்; அதன்படி நடக்கத் துணிவோரும் வேண்டும்.

முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பண்பாடும் சமூகமும் மனித நடத்தையில் வெவ்வேறு தொழில் புரிவதைக் காணலாம். பண்பாடு செயலுக்குப் பெயரையும் நியாயத்தையும் அளிக்கின்றது. சமூகம் அச்செயலுக்கு நெருக்குதலையும் ஊதியத்தையும் அளிக்கின்றது. பெயர் மெல்லவே மாறும். நெருக்குதலோ ஆட்சி, தொழில், கல்வி, குடிபெயர்வு என்பவற்றோடு விரைந்து மாறும். இவ்விரு வேகங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டிலேயே சீதனம் போன்ற வழக்கங்கள் தம் பழைய நன்மையை இழந்து புதிய சுமையாகின்றன. பெயர் மாறாமையால் மாற்றம் கண்ணிற்படுவதில்லை.

பண்பாடு சமூகத்தின் வெறும் நிழல் என்பதும் இதனாற் பெறப்படாது. மூன்று அந்நிய ஆட்சிகளையும் கடந்து, பெண்ணுக்குக் காணியில் உரிமை உண்டு என்னும் கருத்து நிலைத்தது. அக்கருத்தே இன்றைய சீதனப் பேரத்தை மறுத்தற்கு உள்ளிருந்தே கிடைக்கும் வலிமை. மகளுக்குரியதை மகளுக்கே கொடுத்தல், அவள் கையொப்பத்துக்கு முழு வலு அளித்தல், ஆண்மக்களோடு அவளுக்குச் சமபங்கு அளித்தல் என்பன மரபுக்குப் பகையானவை அல்ல. தேசவழமையின் தொன்மையான கருத்தை அதன் இயல்பான முடிவுக்குக் கொண்டுசெல்வனவே. மணமகனின் விலையாகக் கொடுக்கப்படும் காசுக்கோ தேசவழமையில் இடமில்லை.

இளைஞருக்கு இவ்வாய்வு உணர்த்துவது ஒன்றுண்டு. சீதனப் பேச்சில் 'எங்கள் வழக்கம்' என்று ஒருவர் கூறுமிடத்து, எக்காலத்து வழக்கம், எவர் ஒப்பிய வழக்கம், அதனால் இன்று பயன் பெறுவோர் யாவர் என்று வினவுதல் வேண்டும். 1707ஆம் ஆண்டில் முதிய முதலிமார் தம் காலத்து வழமை முன்னையது அன்று என்பதை ஒளிக்காமல் உரைத்தனர். மாற்றத்தை அறிந்து கூறும் அந்நேர்மை அவர்களிடம் இருந்தது. கல்வி பெற்ற தலைமுறையிடம் அது அதனினும் மிகுதியாக இருத்தல் தகும். ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சுவோர் தாமும் அவ்வூரின் ஒரு பகுதியே. சீதனக் காசை வேண்டாமென்று மறுக்கும் ஒவ்வொரு குடும்பமும் அடுத்த குடும்பம் அஞ்சவேண்டிய ஊரை அவ்வளவிற் சிறிதாக்குகின்றது.